வீங்காத கை

அத்தியாயம் 4

ரத்தம் உறையவில்லை என்கிற ஒரே காரணத்துக்காகக் கோமளவல்லி மாமியைப் புழல் சிறையில் வைத்திருந்தார்கள். அந்தக் காரணம் போதாது என்று சொல்ல எங்களிடம் யாரும் வரவில்லை. போதும், இன்னும் நன்றாக இறுக்குங்கள் என்று சொல்லத்தான் இரண்டு பேர் வந்தார்கள்.

எங்கள் டிடெக்டிவ் ஆபீஸ் தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சண்டை போடும். அதில் சிலது பிற்பாடு எங்களிடமே கேஸாக ஏறி வரும். என் பெயர் வைரவன். சகினா மேடத்துக்கு ஸ்கூட்டர் டிரைவர், குமாஸ்தா, சமயத்தில் வாய். அவர் நாகரிகம் பார்த்துக் கேட்காமல் விடுகிற கேள்விகளை நான் கேட்பேன். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம் பிடிக்கிற வேலையில் இருந்தவர். அதனால் செத்தவர்களை விட அழுகிறவர்களைத்தான் அதிகம் உற்றுப் பார்ப்பார்.

வந்த அம்மாள் அழவில்லை. பெயர் விஜயலக்ஷ்மி, மயிலாப்பூர். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், புருஷன் போய்ப் பல காலம் ஆகிறது. ஒரே மகள் சாருலதா. போன மாதம் கல்யாண மண்டபத்தில், தாலி ஏறுவதற்கு முன்னால், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபடியே விழுந்து செத்துப்போனாள். பேப்பரில் எல்லாம் வந்ததே, அந்தக் கேஸ்தான்.

"வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு வர்றது. அந்தப் பொம்மனாட்டி வெளியில வரக் கூடாது" என்றார் விஜயலக்ஷ்மி. "எலி மருந்தைப் பால்ல எப்போ கலந்தா, எப்படிக் கலந்தான்னு போலீஸ்காராளால இன்னும் காட்ட முடியலை. நீங்க கண்டுபிடிச்சுக் காட்டுங்கோ."

பக்கத்தில் இருந்த பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். "மொதல்ல குடிங்கோம்மா. காலம்பரலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை நீங்க."

அவன்தான் மாப்பிள்ளை சாய்நாத். அவன் அம்மா என்று கூப்பிட்டது பெற்றவளை அல்ல. பெற்றவள் கோமளவல்லி, புழலில் இருக்கிறாள். இவன் நங்கநல்லூர் வீட்டை விட்டு வந்து, தாலி கட்டாமலே கிடைத்த மாமியாருக்கு மகனாக மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்கிறான். இதய நோயாளியான அப்பா வக்கீல் வீட்டுக்கும் ஜெயிலுக்கும் தனியாக அலைந்துகொண்டிருக்கிறாராம்.

"உங்க அம்மா ஜாமீனுக்கு நீங்க கையெழுத்துப் போடலையா?" என்று கேட்டேன்.

"அவாளை அம்மான்னு சொல்லவே நாக்கு கூசறது" என்றான் சாய்நாத். "ஜெயில்லேர்ந்து போன் பண்ணா. எடுக்கவேயில்லை நான்."

விஜயலக்ஷ்மி அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். மேடம் அந்தத் தட்டிக்கொடுத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சாய்நாத் சொன்னான். ஊஞ்சலில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுப்பார்கள். இரண்டு பக்கத்துச் சுமங்கலிகளும் வரிசையாக வந்து ஸ்பூனால் வாயில் ஊட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வெறும் பாலும் வாழைப்பழமும்தான் வழக்கம். கோமளவல்லி கொஞ்சம் படாடோபம், பாதாம் அரைத்து விட்டுக் குங்குமப்பூ போட்ட பாலைத் தன் செலவில் கொண்டுவரச் சொல்லிவிட்டார். முதல் ஸ்பூனும் அவர் கையால்தான். ஊஞ்சல் பாட்டு முடிவதற்குள் சாரு கழுத்தைச் சொறிந்தாள். குரல் போயிற்று. அப்படியே முன்னால் சரிந்து விழுந்தபோது கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்தது. கல்யாணத்துக்கு வந்திருந்த ஓர் எலும்பு டாக்டர் துணியால் இறுக்கிக் கட்டினார். துணி நனைந்தது. இன்னொரு துணி கட்டினார், அதுவும் நனைந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"எலி மருந்து சாப்பிட்டாத்தான் ரத்தம் உறையாதுன்னு யாரோ சொன்னா" என்றான் சாய்நாத். "போஸ்ட்மார்ட்டம் லேப் ரிப்போர்ட் இன்னும் வரலை, அதுக்குள்ள போலீஸ் எங்காத்துப் பரண்ல தேடினா. இருந்தது. இந்தப் பொண்ணு வேண்டாம்னு நிச்சயதார்த்தத்துலயே கத்தினவா அவா. போதாதா?"

"எலி இருக்கற வீட்டுலல்லாம் எலி மருந்து இருக்கும் சார்" என்றேன். "எங்க வூட்லயும் கீது. அதுக்காக எங்க மாமியாரு செத்தா போய்ட்டாங்க?"

மேடம் என் காலை மிதித்தார். பிறகு விஜயலக்ஷ்மியைக் கேட்டார். "பாதாம், முந்திரி ஏதாவது உங்க பொண்ணுக்கு ஒத்துக்காதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நிச்சயதார்த்தத்துல முந்திரி கேக் வேண்டாம்னு தள்ளி வச்சா. உடனே அந்த மகராசி, பொண்ணுக்கு வியாதி இருக்கா, டெஸ்ட் பண்ணாத்தான் கல்யாணம்னு நின்னா. அடையாறுல டாக்டர்கிட்ட பண்ணோம். எல்லாம் சுத்தம்னு எழுதிக் கொடுத்தார். அலர்ஜியா இருக்குமோன்னு போலீஸும் கேட்டா, அதைத்தான் காட்டினேன். அலர்ஜி இல்லைன்னா வேற என்ன? விஷம்தானே!"

அவர்கள் போனதும் மேடம் கைப்பையைத் தூக்கினார். "வண்டியை எடு வைரவா. அடையாறு."

"எதுக்கு மேடம்? மாமியாருதான் கொன்னாங்கன்னு சொன்னா ஊரே நம்பும். சுலபமான கேஸு."

"ஊரே நம்புதுல்ல, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

டாக்டர் அப்துல் சமத்தின் அலர்ஜி கிளினிக்கில் கூட்டம் அம்மியது. மூக்கை உறிஞ்சுகிறவர்கள் ஒரு பக்கம், முதுகைச் சொறிகிறவர்கள் ஒரு பக்கம். எனக்கே உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் தன் வேலையில் ஒரு கர்வம் உண்டு. எலி மருந்து என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"எலி மருந்து ரத்தத்தை அப்படி ஆக்கறதுக்கு ரெண்டு மூணு நாளாவது வேணும்மா. ஸ்பூனை வாயில வச்ச கொஞ்ச நேரத்துல ஆகாது. போலீஸ்ல ஒருத்தருக்குமா இது தெரியல?"

"அப்போ ரத்தம் ஏன் உறையல?" என்றார் மேடம்.

"அலர்ஜி கடுமையா வந்தா அப்படி ஆகறது உண்டு. நம்ம தோலுக்கு அடியில, மூச்சுக்குழாய்ல, குடல்ல எல்லாம் சில காவல்கார செல்லுங்க இருக்கு. அதுங்க ஒவ்வொண்ணும் வயித்துக்குள்ள மருந்து மூட்டை கட்டி வச்சிருக்கும். ஒரு மருந்து ஹிஸ்டமின். அது வெளியில வந்தா அரிக்கும், வீங்கும், ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷர் விழும், மூச்சுக்குழாய் இறுகும். அதே மூட்டையில ஹெப்பாரினும் இருக்கு. ஆபரேஷன் சமயத்துல ரத்தம் கட்டிக்காம இருக்க ஊசி போடறோமே, அதே சரக்குதான். உடம்பே சொந்தமா செஞ்சு வச்சிருக்கு."

"அப்போ உள்ளயே ஒரு மெடிக்கல் ஷாப் கீதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"இருக்கு தம்பி. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொடுத்தா நல்ல கடை. பயந்துபோய் மொத்தக் கடையையும் ஒரே நேரத்துல தெருவுல கொட்டினா ஆளு காலி."

மேடம் முன்னால் சாய்ந்தார். "அப்போ சாருலதா செத்தது அலர்ஜியிலதான்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "அப்படித்தான் நானும் சொல்லியிருப்பேன். ஆனா டெஸ்ட் என் கிளினிக்ல எடுத்தது. பாதாம், முந்திரி, கடலை எதுவும் அவங்களுக்கு அலர்ஜி இல்ல."

"உங்க டெஸ்ட் பொய் சொல்லாதா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் ஒரு காவல் வச்சிருக்கோம். கையில வரிசையா சொட்டு வச்சு ஊசியால லேசா குத்துவோம். பாதாம் ஒரு சொட்டு, முந்திரி ஒரு சொட்டு, இப்படி. கடைசியா ஒரு சொட்டு ஹிஸ்டமினையே வைப்போம். அந்த இடம் கொசு கடிச்ச மாதிரி எல்லாருக்கும் வீங்கணும். எனக்கும் வீங்கும், உங்களுக்கும் வீங்கும். வீங்கலைன்னா அவங்க அலர்ஜி மாத்திரை முழுங்கிட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் அந்த டெஸ்டைத் தூக்கிக் குப்பையிலதான் போடணும். அதனாலதான் ஒரு வாரம் முன்னாடியே எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்றோம்."

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"இதோ, இந்த ரூம்லதான். பொண்ணு, பொண்ணோட அம்மா, மாப்பிள்ளையோட அம்மா, மூணு பேரும் இருந்தாங்க. மாத்திரை சாப்பிட்டா டெஸ்ட் ஏமாந்துடும்னு நல்லா விளக்கிச் சொன்னேனே."

வண்டியில் ஏறியதும் நான் கைதட்டினேன். "பாத்தீங்களா மேடம்! மாப்பிள்ளையோட அம்மாவும் கேட்டுக்கினு இருந்தாங்க. மாத்திரையைக் குடுத்து டெஸ்டை ஏமாத்தி, அப்பறம் பாதாம் பாலையும் குடுத்து... இன்னா மூளை!"

"அவங்க நங்கநல்லூர்ல. பொண்ணு மயிலாப்பூர்ல. ஒரு வாரம் தினமும் மாத்திரையை யார் கையில குடுத்து அனுப்புனாங்க, ஆஞ்சநேயர் கையிலயா?"

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

சாருவின் ஆபீஸ் சிநேகிதி ருக்சாரைப் பாண்டி பஜார் நடைபாதையில் போட்டிருக்கிற சிமெண்ட் பெஞ்சில் சந்தித்தோம். கல்யாணத்துக்கு என்று எடுத்த புது சுடிதாரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். கடைக்காரன் எடுத்துக்கொள்ளவில்லை. பை மடியிலேயே இருந்தது.

"டெஸ்ட் அன்னிக்கு உங்ககிட்ட பேசினாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"போட்டோவே அனுப்புனா." ருக்சார் போனைத் தேடி எடுத்து நீட்டினாள்.

சாருவின் இடது கை, உள்பக்கம் மேலே பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் நம்பர் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஊசிக் குத்து. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'குத்தி, வெயிட் பண்ண வச்சு, பாத்தும் முடிச்சாச்சு. கை எப்படிச் சுத்தமா இருக்கு பாருடி! சின்ன வயசுலேர்ந்து முந்திரி, பாதாம்னா ஓடச் சொன்ன எங்கம்மாவுக்குத்தான் மொதல்ல காட்டினேன். கல்யாணத்துல நான் சாப்பிடற சாப்பாட்டைப் பாத்து நீயே வெக்கப்படப் போற.'

படித்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாள்.

"வைரவா, எந்த இடம் வீங்கியிருக்கு?" என்றார் மேடம்.

"எதுவுமே இல்ல மேடம்."

"நல்லாப் பாரு."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது மேடம். ஒண்ணுமே வீங்க..." கடைசிப் புள்ளியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கொசு கடித்த தடம்கூட இல்லை. உயிரோடு இருக்கிற யாருக்கும் வீங்க வேண்டிய இடம் அது.

மேடம் அந்தப் படத்தை டாக்டர் அப்துல் சமத்துக்கு அனுப்பிவிட்டு உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் கிளினிக்கில் யாரோ தும்முகிற சத்தம்தான் கேட்டது.

"டாக்டர், லைன்ல இருக்கீங்களா?"

"முகூர்த்த சீசன்மா" என்றது குரல். அந்தக் கர்வம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட்னு தினமும் கூட்டம். உதவிக்கு இருக்கற பொண்ணுதான் குத்தினா. நான் எட்டிப் பாத்தேன், கை சுத்தமா இருந்தது, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டேன்."

"சுத்தமா இருந்ததுதானே டாக்டர் தப்பு" என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார்.

ருக்சாருக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "ஆனா அவ மாத்திரை எதுவும் சாப்பிடலையே! டாக்டர் நிறுத்தச் சொன்னாருன்னு தலைவலி மாத்திரைகூடத் தொடல. எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா அவ."

"அந்த வாரம் வேற ஏதாவது வித்தியாசமா இருந்துதா?"

"தூக்கம்தான். மீட்டிங்ல மேனேஜர் எதிர்லயே தூங்கி விழுந்தா. கல்யாணக் கனவான்னு எல்லாரும் ஓட்டுனோம். அம்மா குடுக்கற கஷாயம்தான்னு சொன்னா. கல்யாணப் பொண்ணு முகம் பளிச்சுனு இருக்கணும்னு அவங்கம்மா நிலவேம்புக் கஷாயம் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு மாசமா குடிச்சுக்கிட்டுதான் இருந்தா. அந்த வாரம் மட்டும் இன்னும் கசக்குதுன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாளாம்."

மேடம் ருக்சாரின் தோளைத் தொட்டார். அவ்வளவுதான், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மயிலாப்பூர் போகிற வழியில், மண்டபத்தில் சாருவுக்குக் கட்டுப் போட்ட எலும்பு டாக்டருக்கு ஒரு போன் பேசினார். ஹாரன் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேசி முடித்தபோது முகம் இறுகியிருந்தது.

"மேடம், கேஸு குடுத்தவங்களையே புடிச்சுக் குடுக்கற ஒரே டிடெக்டிவ் நீங்களாத்தான் இருப்பீங்க" என்றேன். "அந்தப் பையனை வெளியில அனுப்பிட்டுத் தனியாச் சொல்லுங்க. பொண்ணை வாரிக் குடுத்த பொம்பளை."

"அவன் முன்னாடிதான் சொல்லணும். இன்னொருத்தி பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு, அந்த இன்னொருத்தியையே உள்ள வச்சிருக்காங்க."

மாட வீதியில் பூக்கடைக்கு மேலே அந்த ஃபிளாட். ஹாலில் சாருவின் படம். சாய்நாத் அதற்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே விஜயலக்ஷ்மி வந்தார்.

"கிடைச்சுது. உக்காருங்க. சாய்நாத், நீங்களும் உக்காருங்க." மேடம் போனை மேஜையில் வைத்தார். "உங்க பொண்ணோட கை. டெஸ்ட் அன்னிக்கு எடுத்தது."

விஜயலக்ஷ்மி பார்த்தார். "எனக்கும் காட்டினாளே. சுத்தமா இருக்கு."

"ஆமா. ஒரு இடம் கட்டாயம் வீங்கியிருக்கணும். ஹிஸ்டமின் வச்ச இடம். டாக்டர் உங்க எதிர்லயே சொல்லியிருக்கார், மாத்திரை சாப்பிட்டா டெஸ்ட் ஏமாந்துடும்னு. அந்த ரூம்ல மூணு பேர் அதைக் கேட்டீங்க. கோமளவல்லி அம்மாவால இந்த வீட்டு அடுப்படிக்குள்ள வர முடியாது. சாரு அந்தக் கையைப் பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கான்னு கீழ படிங்க, தெரிஞ்சு ஏமாத்தறவ அப்படி எழுத மாட்டா. கஷாயத்துல எத்தனை மாத்திரை போட்டீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே பூக்காரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றேள் நீங்க?" என்றது சாய்நாத்தின் குரல். "அம்மா, இவா என்ன சொல்றா?"

விஜயலக்ஷ்மி அவனைப் பார்க்கவில்லை. மேடத்தைத்தான் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு" என்றார். "ஆறு வயசுல ஒரு தரம் முந்திரியும் பாதாமும் போட்ட பாயசம் சாப்பிட்டு மூஞ்சி வீங்கிடுத்துன்னு ஒரு எடத்துல வெகுளியாச் சொல்லிட்டேன். பொண்ணுக்கு வியாதின்னு ஊரெல்லாம் பரப்பிட்டா. அப்புறம் நான் வாயே தொறக்கலை. அவளுக்குப் பிடிக்காது, அதான் சாப்பிடலைன்னு சொல்லிச் சொல்லிச் சமாளிச்சேன். முப்பது வயசு ஆயிடுத்து. இவன் நல்ல பிள்ளை. அந்தக் கோமளவல்லி டெஸ்டுன்னு வந்து நிக்கறா. நான் என்ன பண்ணுவேன்? டாக்டரே வழியைச் சொல்லிக் கொடுத்தார்."

"சாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னா ஒத்துண்டிருப்பாளா? பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். கல்யாணம் ஆகட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பாலைக் கொண்டுவந்துட்டா. பாதாம் வாசனை எனக்கு வந்தது. சாரு என்னைப் பாத்துச் சிரிச்சா. சபையில எப்படித் தடுக்கறது? ஒரு ஸ்பூன்தானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனைச்சேன்."

"அதுவரைக்கும்கூட உங்களை நான் விட்டுடுவேன்" என்றார் மேடம். "அவ விழுந்ததுக்கு அப்புறம் அந்த எலும்பு டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு கேட்டார். என்ன கேட்டார்?"

விஜயலக்ஷ்மி சாருவின் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சாய்நாத்திடமிருந்து வந்தது.

"உதடு வீங்கியிருக்கே, அலர்ஜி ஏதாவது உண்டான்னு கேட்டார். இருந்தா ஒரு ஊசி போடணும், எதிர்த்தாப்புல மருந்துக்கடை இருக்கு, யாராவது ஓடுங்கோன்னார்." அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "நான் செருப்புகூடப் போடாம வாசல்வரைக்கும் போயிட்டேன். இவா அலர்ஜியெல்லாம் கிடையாது, டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சொன்னா. நான் திரும்பி வந்துட்டேன்."

பாவி, அந்த ஒரு நிமிஷத்திலாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"அவாத்து மனுஷா எல்லாரும் சுத்தி நின்னுண்டிருந்தா" என்றார் விஜயலக்ஷ்மி. "மயக்கம்தான், எழுந்துண்டுடுவான்னு நெனைச்சேன். நான் அலர்ஜின்னு சொல்லி, அப்புறம் அவ எழுந்துண்டிருந்தா, எல்லார் எதிர்லயும் நான் பொய் சொன்னவளா ஆகியிருப்பேனே."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணும்" என்றார் மேடம். "வெள்ளிக்கிழமைக்குள்ள."

"மாட்டேன்." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "நீங்க சொன்னா இல்லைம்பேன். அவ உள்ளயே கிடக்கட்டும். அவ டெஸ்ட் கேக்கலைன்னா எம் பொண்ணு இன்னிக்கு இருந்திருப்பா. என் வயிறு எரியறது. அவளும் பிள்ளை இல்லாம கிடக்கட்டும்!"

சாய்நாத் எழுந்தான். கையில் இருந்த பழைய பூவை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதை மேஜையிலேயே வைத்தான். "நான் சொல்றேன்" என்றான் மேடத்திடம். "என் காதால கேட்டேன்."

விஜயலக்ஷ்மி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

அவன் அந்த விரல்களை ஒன்றொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை சைதாப்பேட்டை கோர்ட்டில் சாய்நாத்தின் வாக்குமூலமும் டாக்டர் அப்துல் சமத்தின் வாக்குமூலமும் இருந்ததால் ஜாமீனை யாரும் எதிர்க்கவில்லை. விஜயலக்ஷ்மியைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தது. என்ன கேட்டாலும் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்டுகிறாராம்.

காகிதமெல்லாம் ஜெயிலுக்குப் போய், கோமளவல்லியை வெளியே விட மறுநாள் ஆகிவிட்டது. வக்கீல் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில். கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரை நேராக அங்கே அழைத்து வந்தார்கள். படாடோபக்காரர் என்று சொன்னார்களே, அந்த மாமியை நான் அங்கே பார்க்கவில்லை. தலை சரியாக வாரவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

கீழே சாய்நாத் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ராத்திரி முழுவதும் தூங்காத முகம்.

"அம்மா" என்றான். "வண்டியில ஏறுங்கோம்மா. ஆத்துக்குப் போகலாம்."

கோமளவல்லி நின்றார். மகனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எனக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அடிப்பார், அழுவார், கட்டிக்கொள்வார், முடிந்துவிடும்.

"புழல்லேர்ந்து போன் பண்றதுக்கு வரிசையில நிக்கணும்" என்றார் கோமளவல்லி. "வாரத்துல ஒரு தரம்தான் விடுவா. நாலு வாரமும் உனக்குத்தான் பண்ணேன். உங்கப்பாவுக்கு ஒரு தரம்கூடப் பண்ணலை."

"தப்புதான்மா. எனக்குத் தெரியலையேம்மா..."

"எனக்கும்தான் தெரியாது, அவ எதுல செத்தான்னு. உன்னை நான் சந்தேகப்பட்டேனா?"

அவன் கார்க் கதவை விட்டுவிட்டு அவர் காலில் விழப் போனான். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நங்கநல்லூருக்கு ஒரு ஆட்டோ பிடிச்சுத் தரேளா? இவருக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தலையாட்டினார். ரோட்டில் போன ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். சாய்நாத் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"நான் எங்கேம்மா போவேன்?"

கோமளவல்லி அவன் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"மயிலாப்பூருக்கே போ. அவளுக்கும் யாரும் இல்லை."